காகிதக் கத்தியும் ஒரு மாணவனும்

1945 அக்டோபர் 29. நாஜிகளிடமிருந்து பாரிஸ் விடுபட்டு ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. அன்று ழான் பால் சார்த்தர் உரையாற்றிய அரங்கில் நிற்கக்கூட இடமில்லை. இருத்தலியம் விரக்தியைப் பரப்புகிறது என்று கம்யூனிஸ்டுகளும் கத்தோலிக்கர்களும் ஒருசேரத் திட்டிக்கொண்டிருந்த நேரம். அந்த உரை அவர்களுக்கான பதில்.

சார்த்தர் ஒரு காகிதக் கத்தியை உதாரணமாக எடுத்துக்கொண்டார். அதைச் செய்தவன் மனதில், எதற்காகச் செய்கிறோம் என்ற திட்டம் முதலிலேயே இருந்தது. எங்க தொழில்லயும் அப்படித்தான்: டிசைன் டாக்குமென்ட் முதலில், கோடு பிறகு. மனிதனுக்கு மட்டும் அந்த டாக்குமென்ட் கிடையாது என்றார் சார்த்தர். முதலில் இருக்கிறோம், செய்கிற செயல்களால்தான் இன்னார் என்று ஆகிறோம்.

இந்தச் சிந்தனையின் வேர் நூறாண்டு பழையது. எல்லாவற்றையும் ஒரே தத்துவ அமைப்புக்குள் அடக்கிய ஹெகலிடம், இதில் தனிமனிதன் எங்கே என்று கோபன்ஹேகனிலிருந்து சண்டைக்குப் போனவர் கீர்க்கெகார்ட். ரெகினாவுடனான நிச்சயதார்த்தத்தை 1841இல் முறித்துக்கொண்டவர், 1843இல் 'இது அல்லது அது' நூலைப் புனைபெயரில் வெளியிட்டார். அவர் ஆழமான கிறிஸ்தவர். கடவுள் இறந்துவிட்டதாக 1882இல் எழுதிய நீட்ஷே அதற்கு நேரெதிர். இருவரையும் சேர்த்துவைப்பது ஒன்றுதான்: உன் வாழ்க்கையை உனக்குப் பதிலா வேற யாரும் வாழ முடியாது.

அந்த உரையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு மாணவனின் கதை. அண்ணன் 1940 போரில் இறந்துவிட்டான். அம்மாவுக்கு இவன் மட்டுமே ஆறுதல். இங்கிலாந்து போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, அம்மாவுடன் இருப்பதா? வேதமும் உதவவில்லை, காண்ட்டும் உதவவில்லை. "நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு" என்பதே சார்த்தரின் பதிலாக இருந்தது.

இது கைகழுவல் இல்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரிடம் ஆலோசனை கேட்பது என்பதே ஒரு தேர்வு என்கிறார் சார்த்தர். ஜெர்மானியர்களோடு ஒத்துப்போகும் பாதிரியாரிடம் போனால் என்ன பதில் வரும் என்று போகும்போதே தெரியும். வேலையை விடலாமா, இவரைக் கல்யாணம் பண்ணிக்கலாமா என்று நாம் நண்பர்களிடமும் செயலிகளிடமும் கேட்கிறோமே, அதுவும் இதுதான்.

ஆனால் எல்லாருடைய சுதந்திரமும் ஒரே அளவா? சிமோன் தி பூவா 1949இல் 'இரண்டாம் பாலினம்' நூலில் இந்த இடத்தைத்தான் தொட்டார். பெண்ணுக்கான டாக்குமென்ட்டை இயற்கை எழுதவில்லை, சமூகம் எழுதி வைத்திருக்கிறது என்று காட்டினார். அதைக் கிழிக்கத் தனிமனிதத் துணிச்சல் மட்டும் போதாது, பிறருடைய விடுதலையும் வேண்டும்.

அந்த மாணவன் கடைசியில் என்ன செய்தான் என்று சார்த்தர் அந்த உரையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாம் அதையே விடையாக எடுத்துக்கொண்டிருப்போம்.