பலாலி விமான நிலையம் – ஒரு வரலாற்று நோக்கு

கடலாற் பிரிக்கப்பட்ட இரு கரைகளிலும் ஒரே மொழி பேசும் மக்கள் வாழ்வாராயின், அவர்களுக்கிடையே அமையும் போக்குவரத்து வழி வெறும் வணிகச் சாதனமன்று. உற்றாரை உற்றாரோடு சேர்க்கும் பாலமுமாகும். அவ்வழி யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைபட்டிருந்தது என்பதே வரலாறு கேட்க வேண்டிய வினா. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடபாலமைந்த பலாலி விமான நிலையத்தை இந்நோக்கில் ஆராய்தல் தகும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் பலாலியில் ஓடுபாதை அமைத்தனர். போர் முடிந்தபின் அது பொதுமக்கள் சேவைக்கும் பயன்படலாயிற்று. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானமொன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே இவ்வான்வழி திறக்கப்பட்டதென்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் திருச்சிராப்பள்ளிக்கும் சேவை நடைபெற்றது.

எனினும், மலையகத் தோட்டங்களில் உழைத்தோர்க்கு வான்வழி எட்டாத உயரத்திலேயே இருந்தது. அவர்களுடைய வழி, 1914இல் தொடங்கிய தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பல் வழியாகும். 1964 டிசெம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. அட்டனிலும் நானுஓயாவிலும் புகைவண்டியேறியோர் தலைமன்னாரிலிருந்து கப்பல் மூலம் இராமேஸ்வரஞ் சென்றனர். ஒரே குடும்பத்தார் இரு நாட்டினராயினர்.

இனப்போர் மூண்டபோது கடல்வழி, வான்வழி இரண்டுமே அடைபட்டன. பலாலி மீண்டும் படைத்தளமாயிற்று. 1987இல் இந்திய அமைதிப்படையினர் இங்கேயே வந்திறங்கினர். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் இல்லங்களையும் செம்மண் தோட்டங்களையும் துறந்து வெளியேறினர். அவர்தம் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலங்களிற் குடாநாட்டார்க்குக் கடலும் வானுமே கதியாயின. வான்பயணமும் இடரற்றதன்று. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானமொன்று மன்னார்க் கடற்பகுதியில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

2009இற் போர் ஓய்ந்தது. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. குடிவரவு, சுங்கப் பகுதிகள் அமைந்தன. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. நெடிய ஓடுபாதை வேண்டாத சிறிய விமானங்களே அதில் ஈடுபட்டன. கொள்ளைநோய் காரணமாக 2020இல் நின்ற சேவை 2022 டிசெம்பர் 12இல் மீண்டது. 2025 மார்ச்சில் திருச்சிராப்பள்ளிச் சேவையும் புத்துயிர் பெற்றது.

அட்டனிலிருந்து பலாலி நெடுந்தொலைவு; தோட்டத்தொழிலாளர்க்கு விமானக் கட்டணம் இன்றும் பெருஞ்சுமையே. ஆயினும், 1964இன் ஒப்பந்தத்தாற் பிரிந்த குடும்பங்கள் பல திருச்சியிலும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் வாழ்தலின், இவ்வழி மலையகத்தார்க்கும் அயலானதன்று. மறுபுறம், வலிகாமம் வடக்கில் நிலங்கள் பல விடுவிக்கப்பட்டபோதிலும், தம் காணியை மீளப்பெறாதோர் இன்னும் உளர்.

ஆதலால், பலாலியின் பெருமையை ஓடுபாதையின் நீளங்கொண்டு அளத்தல் சாலாது. நிலத்தை ஈந்தவர் தம் நிலத்துக்குத் திரும்புதலும், உறவைப் பிரிந்தவர் தம் உறவைச் சென்று காண்டலும் கைகூடும் நாளிலேதான் அந்நிலையம் தன் பயனை முற்றப் பெற்றதாகும்.