எண்ணியதும் எண்ணமும்

17-ஆம் நூற்றாண்டு இத்தாலி. ஊசல் கடிகாரம் தோன்றாத காலம். போலோஞ்ஞா நகரில் இயேசு சபைத் துறவி ரிச்சோலி, பொருள்கள் விழும் நேரத்தை அளக்க விழைந்தார். நூலில் தொங்கிய ஊசலே அவர்தம் கருவி.

நாளொன்றில் 86,400 முறை அசைந்தால் ஓரசைவு ஒரு நொடி. விண்மீனால் நாளைக் குறித்து, சபைத் தோழர் ஒன்பதின்மர் துணையுடன் இரவுபகலாய் எண்ணினார். கிடைத்தது 87,998. ஊசலைத் திருத்தி மீண்டும் எண்ணியபோது 86,999. விரும்பிய எண்ணுக்கு வளைக்காமல், உள்ளபடியே பதிவு செய்தார்.

பின்பு அசினெல்லி கோபுரம் முதலிய உயரங்களிலிருந்து களிமண் உருண்டைகள் விழுந்தன. நொடியில் ஆறிலொரு பங்கு காட்டும் சிற்றூசலின் 5, 10, 15 அசைவுகளில் அவை முறையே 10, 40, 90 அடி வீழ்ந்தன. புவி சுழல்கிறது என்ற கலிலேயோவின் கொள்கையை ஏற்காத அவர், வீழ்ச்சி விதியில் கலிலேயோவே சரியென 1651-இல் தம் நூலில் அறிவித்தார்.

இன்றைய நிறுத்துக் கடிகாரம் நொடியில் நூறிலொரு பங்கைக் காட்டுகிறது. அதை அழுத்தும் நம் விரலோ ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தாமதிக்கிறது. கை அறியாத இலக்கங்களை நாம் முழுமைப்படுத்தி விடுவது நேர்மை. கை அறிந்ததை நம் விருப்பத்திற்கேற்ப முழுமைப்படுத்துவதோ பொய். ஒன்பதின்மர் கண்விழித்துக் காத்தது இவ்வேறுபாட்டையே அன்றோ?