மறதிநோயின் ராத்திரிகள்: சில வரலாற்றுக் குறிப்புகள்

டிமென்ஷியா பற்றிய வரலாற்றை எங்கே எடுத்துப் படித்தாலும் பகலில் நடந்ததுதான் நிறைய இருக்கும். டாக்டர் கேள்வி கேட்பார், நோயாளி பதில் தெரியாமல் முழிப்பார், டாக்டர் அதைக் குறித்துக்கொள்வார். ஆனால் இப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். பெயர் மறந்துபோனதைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்வார்கள், ராத்திரியைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்வார்கள். ரெண்டு மணிக்கு எழுந்து வாசக்கதவைத் திறந்தது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அலறியது, தூக்கத்திலேயே கையை ஓங்கியது. இந்த ராத்திரிகளை மருத்துவம் எப்போதிலிருந்து கவனிக்க ஆரம்பித்தது என்று தேடியதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

எல்லோரும் ஆரம்பிக்கும் இடத்திலேயே நானும் ஆரம்பிக்கிறேன். 1901 நவம்பர் 25. ஃபிராங்க்ஃபர்ட் மனநல விடுதிக்கு அகஸ்ட டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அழைத்துவருகிறார்கள். அலோய்ஸ் ஆல்சைமர் அவரிடம் கேட்ட கேள்விகள் இன்றைக்கும் பிரபலம். பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், கீரை என்றாராம். இதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதே நோயாளியைப் பற்றி ஆல்சைமர் 1907இல் வெளியிட்ட சின்னக் கட்டுரையில் வேறு சிலதும் இருக்கிறது. அந்தப் பெண் தன் படுக்கையை இழுத்துக்கொண்டு அங்கும் இங்கும் அலைந்தார், கணவரையும் மகளையும் கூப்பிட்டார், தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று பயந்து அலறினார், மணிக்கணக்காகக் கத்தினார். இதைச் சொல்லிவிட்டு ஆல்சைமர் மூளைக்குள் பார்த்த படிவுகளுக்கும் முடிச்சுகளுக்கும் போய்விடுகிறார். 1906இல் அந்தப் பெண் இறந்தபிறகு அவர் மூளையைத்தான் ஆராய்ந்தார்கள். எதைப் பார்த்து அப்படி அலறினார் என்பது அந்தக் கட்டுரையில் ஒரு கேள்வியாகக்கூட வரவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்து விடுதிகளில் ராத்திரிச் சத்தம் என்பது மற்ற நோயாளிகளின் தூக்கத்தைக் கெடுக்கும் தொந்தரவு. வெந்நீர்த் தொட்டி, தூக்க மருந்து, தனி அறை. அத்தோடு முடிந்தது.

அந்தத் தொந்தரவை ஒரு ஆராய்ச்சிக் கேள்வியாக எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் யூவென் கேமரன். 1941இல் வெளியான அவருடைய சோதனை ரொம்ப எளிமையானது. பொழுது சாய்ந்தால் குழம்பிப்போகும் முதியவர்களை அவர் பட்டப்பகலில் ஒரு இருட்டறையில் வைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் ராத்திரி வருகிற அதே குழப்பம் வந்துவிட்டது. அப்படியானால் நாள் முழுக்க உழைத்த களைப்பு காரணமில்லை, இருட்டுதான் காரணம். கண்ணுக்குச் சுவரும் கட்டிலும் தெரியாதபோது, தான் எங்கே இருக்கிறோம் என்பதை மனதில் பிடித்துவைக்க அவர்களால் முடிவதில்லை என்பது கேமரனின் விளக்கம். படுக்கையறையில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும் என்று இன்றைக்குச் சொல்லும் யோசனைக்குப் பின்னால் இந்த மாதிரி ஒரு வரலாறு இருக்கிறது. (இதே கேமரன்தான் பின்னால் மாண்ட்ரியலில் சி.ஐ.ஏ. பணத்தில் நடந்த மனக்கட்டுப்பாட்டு ஆராய்ச்சிகளில் நோயாளிகளை வாரக்கணக்கில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்தவர். அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.)

இருட்டு மட்டும் முழுக் காரணம் இல்லை என்பது 1985இல் தெரிந்தது. ஆம்ஸ்டர்டாமில் டிக் ஸ்வாப் குழுவினர், உடம்புக்குப் பகல் எது ராத்திரி எது என்று சொல்லிக்கொடுக்கும் மூளைக் கடிகாரத்தின் செல்களை எண்ணினார்கள். முதுமையில் அவை குறைகின்றன. ஆல்சைமர் நோயில் இன்னும் அதிகமாகக் குறைகின்றன. கடிகாரமே தேய்ந்துபோனவரிடம் "மணி என்ன தெரியுமா, தூங்குங்க" என்று அதட்டி என்ன ஆகப்போகிறது? 2008இல் அதே நாட்டில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பகலெல்லாம் கூடத்தில் நல்ல பிரகாசமான விளக்கைப் போட்டுவைத்தார்கள். நினைவாற்றல் சரிவது கொஞ்சம் மெதுவானது. கொஞ்சம்தான், அதை ஊதிப் பெருக்க வேண்டாம். ஆனால் ராத்திரிக்கான மருந்தைப் பகலில் தேடியது எனக்குப் பிடித்திருக்கிறது.

இது ஆல்சைமர் நோயின் ராத்திரி. கெட்ட கனவுகளின் வரலாறு வேறு பாதையில் வருகிறது, அது இன்னும் சுவாரசியமானது.

1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி எழுதிய சின்னப் புத்தகத்தில் தூக்கம் வருகிறது. நோய் முற்றும்போது உறக்கம் கெடுகிறது, உறங்கும்போதே கைகால் நடுக்கம் வந்து ஆளை எழுப்பிவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். அறிவு கெடுவதில்லை என்றும் அதே புத்தகத்தில் எழுதிவிட்டார். இந்த ரெண்டாவது வாக்கியம் அடுத்த நூறு வருஷத்துக்குமேல் பலர் கண்ணை மறைத்தது. 1912இல் ஃபிரிட்ஸ் லூயி என்ற இளம் மருத்துவர், நடுக்குவாதம் வந்து இறந்தவர்களின் மூளைச் செல்களில் உருண்டையான சில படிவுகளைக் கண்டார். மியூனிக்கில் ஆல்சைமரின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் அவர். யூதர் என்பதால் 1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது, அமெரிக்காவில் 1950இல் இறந்தார். இன்றைக்கு அவர் பெயரில் ஒரு டிமென்ஷியாவே இருக்கிறது, லூயி பாடி டிமென்ஷியா. அந்தப் படிவுகள் மூளையின் மேல்பகுதி முழுக்கப் பரவினால் டிமென்ஷியா வரும் என்பதை ஜப்பானில் கென்ஜி கோசாகா 1976இல் தொடங்கி எடுத்துச் சொன்ன பிறகுதான் உலகம் மெல்லத் திரும்பிப் பார்த்தது.

கனவு இதில் எங்கே வருகிறது? அதற்கு லியோன் நகரத்துப் பூனைகளிடம் போக வேண்டும். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு, கனவுகளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று கண்டுபிடித்திருந்தார்கள். அதைத்தான் ரெம் உறக்கம் என்கிறோம். அந்த நேரத்தில் உடம்பின் தசைகள் முழுக்கத் தளர்ந்துவிடுகின்றன என்று பிரான்சில் மிஷேல் ஜூவே 1959இல் பூனைகளிடம் கண்டார். கனவில் ஓடினாலும் கால் அசையாதபடி ஒரு பூட்டு. 1965இல் அவர் மூளைத்தண்டில் அந்தப் பூட்டு இருக்கிற இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருக்கும் பூனை எழுந்து நின்றது, இல்லாத எலியைப் பதுங்கிப் பதுங்கித் துரத்தியது, இல்லாத எதிரியோடு சண்டை போட்டது. எதிரில் இருக்கும் நிஜமான பொருளை மட்டும் அது சட்டையே செய்யவில்லை.

இருபது வருஷம் இது பூனைகளின் விஷயமாகவே இருந்தது. பிறகு 1982இல் மினியாபோலிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு 67 வயது ஓய்வுபெற்ற மளிகைக்கடைக்காரர் ஒருவர் வந்தார். கனவில் கால்பந்து ஆடுவாராம், அமெரிக்கக் கால்பந்து, ஆளை ஆள் மோதித் தள்ளுவது. முழித்துப் பார்த்தால் அறையில் இருக்கிற அலமாரியில் மோதிக்கொண்டு கிடப்பாராம். கார்லோஸ் ஷெங்க், மார்க் மகோவால்ட் இருவரும் அவரை இரவு முழுக்கக் கருவிகளோடு படுக்கவைத்துப் பார்த்தார்கள். ரெம் உறக்கத்தில் தசைகளின் பூட்டு திறந்து கிடந்தது. ஜூவேயின் பூனைதான், மனித உருவில்.

1986இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஐந்து பேர். 67இலிருந்து 72 வயதுவரை நான்கு ஆண்கள், 60 வயதில் ஒரு பெண். அந்த ஆண்கள் நால்வரும் தூக்கத்தில் தங்களையோ மனைவியையோ காயப்படுத்தியவர்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். கனவு காண்கிறவருக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரியாது, அவர் கனவில் திருடனையோ நாயையோ அடித்துக்கொண்டிருக்கிறார். அடி விழுவது பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர், விழித்திருக்கும்போது அதட்டிக்கூடப் பேசாதவர், ராத்திரியில் கழுத்தைப் பிடிக்கிறார் என்றால் அந்தம்மா யாரிடம் போய்ச் சொல்வார்? டாக்டரிடம் காயத்தைக் காட்டினால் முதலில் வருகிற சந்தேகம் என்னவாக இருக்கும்? இதெல்லாம் மீறி வந்து சொன்னவர்களால்தான் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. 1987இல் 'ரெம் உறக்க நடத்தைக் கோளாறு' என்று பெயர் வைத்தார்கள். குளோனசிபாம் மாத்திரை கொஞ்சம் கொடுத்தால் பலருக்கு அடங்கியது. எல்லோருக்கும் நிம்மதி. கதை அங்கே முடிந்ததாகத்தான் நினைத்தார்கள்.

ஆனால் ஷெங்க் தன் நோயாளிகளை விடாமல் தொடர்ந்து பார்த்துவந்தார். 1996இல் கணக்கெடுத்தபோது, வேறு எந்த நரம்பு நோயும் இல்லாமல் வந்த, 50 வயதைத் தாண்டிய 29 ஆண்களில் 11 பேருக்கு பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்தது. 2013இல் மறுபடி பார்த்தார். அப்போது கணக்கில் இருந்த 26 பேரில் 21 பேருக்கு பார்க்கின்சனோ டிமென்ஷியாவோ வந்துவிட்டது. பல நாடுகளில் 24 மையங்களைச் சேர்ந்த 1,280 பேரை வைத்து 2019இல் வந்த ஆய்வும் அதையேதான் சொன்னது. பன்னிரண்டு வருஷத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர்.

ஏன் தூக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும்? அதற்கு நம்பத்தகுந்த ஒரு விளக்கம் 2003இல் அதே ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்து வந்தது. லூயி படிவுகள் பலரிடம் மூளையின் அடித்தண்டில் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறுகின்றன என்று ஹைக்கோ பிராக் காட்டினார். ஏறும் வழியில், பூனையிடம் ஜூவே சேதப்படுத்திய அந்தப் பூட்டு இருக்கிற பகுதி முதலில் வருகிறது. நடுக்கத்துக்கும் நினைவுக்கும் உரிய இடங்கள் அதற்கும் மேலே. ஆக, மனைவி வாங்கிய அடி, டாக்டர்கள் பார்க்கப்போகும் நோயைப் பல வருஷம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது.

2017இல் திருத்திய விதிகளில், லூயி பாடி டிமென்ஷியாவைக் கண்டுபிடிக்க உதவும் முதன்மை அறிகுறிகளில் ஒன்றாக இந்தக் கனவு நடத்தையைச் சேர்த்தார்கள். மேயோ கிளினிக்கில் தயாரித்த வினாத்தாளின் மையக் கேள்வி நோயாளிக்கானதே இல்லை. அவர் தூங்கும்போது கனவை நடித்துக் காட்டுவதுபோல் கையைக் காலை வீசிப் பார்த்திருக்கிறீர்களா என்று கூடப் படுப்பவரைக் கேட்கிறது. அந்த ஒரே கேள்வி, முதியவர்களிடமும் டிமென்ஷியா உள்ளவர்களிடமும் நடத்திய சோதனையில் 98 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்தது. (இல்லாதவர்களில் கால்வாசிப் பேரையும் சேர்த்துப் பிடித்தது, அது வேறு.) துணையை இழந்து கூடத்துக் கட்டிலில் தனியாகப் படுக்கும் பெரியவருக்கு இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் இருக்கிறது. ராத்திரி கத்துகிறார் என்று ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்து கொடுப்பது நீண்டநாள் வழக்கம். நியூகாசிலில் இயன் மெக்கீத் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், லூயி வகை டிமென்ஷியா உள்ள 16 பேர் இந்த மாதிரி மருந்து எடுத்திருந்தார்கள். 13 பேருக்கு எதிர்விளைவு, அதில் 7 பேருக்குக் கடுமையாக. உடம்பு விறைத்து, நினைவு மங்கி, சிலருக்கு உயிருக்கே ஆபத்து. 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் டிமென்ஷியா முதியவர்களுக்கு இவ்வகைப் புதிய மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று கட்டம் கட்டி எச்சரித்தது. கனவு என்னவென்று கேட்காமல் வாயை அடைத்ததற்கு என்ன விலை கொடுத்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

ராத்திரி அலறல் எல்லாமே இந்த நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சுத் தடைபடுவதாலும் சிறுநீர்த் தொற்றாலும் வலியாலும் வரலாம். மருந்தாலேயே வரலாம். 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த டோனெபெசில், நினைவுக்காகக் கொடுப்பது, படுக்கும்போது போட்டால் சிலருக்குப் படுபயங்கரக் கனவுகளைக் கொண்டுவரும். காலையில் போடச் சொல்லி மாற்றினால் பலருக்குக் குறைகிறது. நீங்களாக மாற்றாதீர்கள், ஆனால் டாக்டரிடம் கனவைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார்.

இன்னும் முடியாத விவாதம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் அபிதெமி ஒட்டாய்க்கு 2022இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறையாவது கெட்ட கனவு கண்ட நடுத்தர வயதினருக்கு அடுத்த பத்து வருஷத்தில் அறிவாற்றல் சரிவது நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. கனவு நோயைக் கொண்டுவருகிறதா, நோய்தான் கனவாக முதலில் எட்டிப் பார்க்கிறதா என்பதை இந்த ஆய்வு முடிவுசெய்யவில்லை. பத்திரிகைத் தலைப்புகளைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், கெட்ட கனவு காண்கிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. கனவில் கையை ஓங்குகிறவர்கள் நிலை வேறு. மனைவிக்குப் பட்ட காயத்துக்காகத் தூக்க மருத்துவரைப் பார்க்க வந்தவரிடம் அந்தப் பன்னிரண்டு வருஷக் கணக்கைச் சொல்வதா வேண்டாமா என்று நிபுணர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தடுத்து நிறுத்த மருந்து கிடையாது. சிலர் முதல் நாளே சொல்கிறார்கள், சிலர் எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியையே கேட்கிறார்கள்.