உருண்டையும் பலகையும்

'பில்', 'டேப்லெட்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களையும் நாம் 'மாத்திரை' என்றே வழங்குகிறோம். இன்று ஆங்கிலேயரும் பேச்சில் இவற்றைப் பெரும்பாலும் வேறுபடுத்துவதில்லை. எனினும் இவை இருவேறு தொழில்முறைகளைச் சார்ந்தவை; அவற்றின் வரலாறு அருட்பணி வரலாற்றோடும் தொடர்புடையது.

'பில்' என்பது சிறு பந்தைக் குறிக்கும் 'பிலுலா' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. மருந்துப் பொடியைப் பசையிட்டுப் பிசைந்து, திரியாகத் திரட்டி, துண்டாக்கி உருட்டுவர். நம் மரபில் இது 'குளிகை' எனப்படும். 'டேப்லெட்' என்பதோ சிறு பலகை. மோசே பெற்ற கற்பலகைகளையும் இக்கால ஆங்கிலத் திருமறைகள் பல இச்சொல்லாலேயே குறிக்கின்றன.

1843இல் வில்லியம் பிராக்டன் என்னும் ஆங்கில ஓவியர், பென்சிலுக்குரிய கிராஃபைட் பொடியையும் மருந்துப் பொடியையும் அச்சிலிட்டு அழுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கை உருட்டிய இடத்தை அச்சு எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு வில்லையின் அளவும் உருட்டுபவரின் கைத்திறனைச் சாராமல், அச்சுக்குழியைச் சார்ந்ததாயிற்று.

இதன் பயனை டேவிட் லிவிங்ஸ்டனின் வாழ்வில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். 1840இல் மருத்துவத் தகுதி பெற்ற அவர், ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்குக் கொயினா, கலோமெல், ரேவல்சின்னி, ஜாலப் பிசின் ஆகியவற்றைக் கலந்து, ஏலக்காய்க் கரைசலில் பிசைந்து, உருண்டைகள் செய்தார். ஆயினும், 1862 ஏப்ரலில் அவர் மனைவி மேரி சாம்பேசி ஆற்றங்கரையிலுள்ள ஷுபங்காவில் காய்ச்சலால் இறந்தார். 1867 ஜனவரியில் உடன்வந்தோர் சிலர் மருந்துப் பெட்டியுடன் ஓடிவிட்டனர். அதைத் தமக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையாகவே அவர் உணர்ந்தார். மருந்துக் கடையற்ற நாட்டில் ஒரு பெட்டியின் மதிப்பு அத்தகையது.

லிவிங்ஸ்டன் 1873இல் மறைந்தார். 1880இல் பரோஸ், வெல்கம் என்னும் இரு அமெரிக்கர் இலண்டனில் தொடங்கிய நிறுவனம், அழுத்திய வில்லைகளைப் பெருமளவில் விற்றது. போதகரின் மகனான வெல்கம் 1884இல் 'டேப்லாய்டு' என்னும் வணிகப் பெயரை உருவாக்கினார். சிறிய வடிவச் செய்தித்தாளுக்குப் பின்னர் வழங்கிய பெயரும் இதுவே. அவ்வில்லைகள் நிறைந்த பெட்டிகள் ஆய்வுப் பயணிகளோடும் மிஷனெரிகளோடும் தொலைநாடுகளுக்குச் சென்றன. தராசும் உரலும் இல்லாத இடத்திலும் குறித்த அளவில் மருந்தளிக்க இயன்றது.

ஆயினும் அளவு வேறு, மருந்தின் நன்மை வேறு. லிவிங்ஸ்டனின் கலவையையும் அந்நிறுவனம் வில்லையாக்கி விற்றது. அதிலிருந்த கலோமெல், நச்சுத்தன்மையுள்ள பாதரச உப்பாகும். அச்சு அதன் அளவைச் செம்மையாக்கியதேயன்றி நஞ்சை நீக்கவில்லை. பின்னர் மருத்துவ அறிவு வளர்ந்ததாலேயே அது வழக்கொழிந்தது.

ஆங்கிலச் சொற்கள் இரண்டும் வடிவத்தைச் சுட்டுகின்றன. தமிழ்ச் சொல்லோ அளவைச் சுட்டுகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என இலக்கணம் கணிக்கும் அதே மாத்திரைதான் நோயாளியின் கையிலும் இருக்கிறது. உருண்டையினின்று பலகைக்கு மாறியபோது மருந்து பெற்றது இந்த அளவையே. அதனுள் வைப்பது யாது என்பதை அச்சு தீர்மானிப்பதில்லை. அப்பொறுப்பு அன்றும் இன்றும் மனிதருடையதே.