ஆங்கில நெட்டுயிர்களின் பெயர்ச்சி

உரோம வரிவடிவத்தைக் கைக்கொண்ட இத்தாலியம், ஜேர்மன் முதலிய மொழிகளிலே, நெடுங்கணக்கில் வரும் முதல் மூன்று உயிரெழுத்துக்களும் முறையே ஆ, ஏ, ஈ எனப் பெயர் பெறும். ஆங்கிலத்திலோ அதே எழுத்துக்கள் ஏ, ஈ, ஐ என வழங்குகின்றன. வேடிக்கையாகத் தோன்றும் இவ்வேறுபாடு ஆங்கில மொழி வரலாற்றின் முக்கியமானதொரு நிகழ்ச்சியின் சுவடாகும். ஆங்கில எழுத்துக்கூட்டு உயிரொலிகளைப் பொறுத்தவரை விதியற்றது என்று குறை கூறுவோர் பலர். அவ்வெழுத்துக்கூட்டு ஒரு காலத்தில் ஒலியோடு பெரும்பாலும் பொருந்தியே நின்றது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

1400இல் மறைந்த கவிஞர் சோசரின் காலத்திலே 'வைன்' என்னும் சொல் 'வீன்' என்றும், 'ஃபீட்' என்பது 'ஃபேட்' என்றும், 'நேம்' என்பது 'நாமெ' என்றும், 'ரூட்' என்பது 'ரோட்' என்றும், 'ஹவுஸ்' என்பது 'ஹூஸ்' என்றும் ஏறத்தாழ ஒலிக்கப்பட்டன. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் நெட்டுயிர்கள் அனைத்தும் நா எழும் உயரத்தில் மேல்நோக்கி நகர்ந்தன. ஏற்கெனவே உச்சியில் நின்ற ஈயும் ஊவும் மேலும் உயர இடமின்றிக் கூட்டொலிகளாயின. குற்றுயிர்கள் பெரும்பாலும் அசையவில்லை. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் 1909இல் இந்நிகழ்ச்சிக்குப் 'பெரும் உயிர்ப் பெயர்ச்சி' என்று பெயரிட்டார்.

எவ்வுயிர் முதலில் நகர்ந்தது? உச்சியில் நின்றவை விலக, கீழிருந்தவை அவ்விடத்துக்கு ஈர்க்கப்பட்டன என்பது யெஸ்பர்சனின் கொள்கை. இடையில் நின்ற ஏ, ஓ என்பனவே உயர்ந்து, மேலிருந்தவற்றைத் தள்ளின என்றார் ஆஸ்திரிய அறிஞர் கார்ல் லூயிக். அவர் காட்டிய சான்று கருதத்தக்கது. இங்கிலாந்தின் வடபுலத்திலும் ஸ்கொத்லாந்திலும் ஓகார ஒலி இப்பெயர்ச்சிக்கு முன்னரே வாயின் முன்பகுதிக்கு நகர்ந்துவிட்டது. ஆகவே அங்கு ஊகாரத்தைத் தள்ளுதற்கு எதுவும் இருக்கவில்லை. ஊகாரமும் நின்ற இடத்திலேயே நின்றது. ஸ்கொத்லாந்துப் பேச்சில் வீட்டை இன்றும் 'ஹூஸ்' என்பது இதனாலேயே. ஏகாரம் இடம்பெயராதிருந்த அதே பகுதிகளில் ஈகாரம் கூட்டொலியாயிற்று என்பதையும் உடன் நோக்கின், லூயிக்கின் கருத்தே வலியதென எனக்குத் தோன்றுகிறது. மாற்றம் தோன்றியதற்கான சமூகக் காரணங்களாக இலண்டனுக்கு நிகழ்ந்த குடிப்பெயர்ச்சி முதலியன கூறப்படினும், அவை இன்னும் ஊகநிலையிலேயே உள்ளன.

வில்லியம் கக்ஸ்ரன் வெஸ்ட்மின்ஸ்ரரில் அச்சுக்கூடம் நிறுவிய ஆண்டு 1476. ஒலிகள் நகர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அச்சு, எழுத்துக்கூட்டைப் படிப்படியாக நிலைப்படுத்தலாயிற்று. சில வேறுபாடுகள் இதனாற் காக்கப்பட்டன. சந்தித்தலைக் குறிக்கும் 'மீட்', இறைச்சியைக் குறிக்கும் 'மீட்' இரண்டும் இன்று ஓரொலியின. முன்னர் அவை வெவ்வேறு ஏகாரங்களைப் பெற்றிருந்தமையால் வேறுவேறாக எழுதப்பட்டன. அலெக்சாந்தர் போப் 1714இல் விரித்து வெளியிட்ட அங்கதக் காவியத்திலே, தேநீரைக் குறிக்கும் 'டீ' என்னும் சொல் 'ஒபே' என்பதோடு இயைபாக வருகிறது. அவர் அதனை 'டே' என்றே ஒலித்தார். 'கிரேட்', 'பிரேக்' ஆகியன அந்தப் பழைய வரிசையில் எஞ்சி நிற்பவை.

இந்நிலையைச் சீர்செய்ய முனைந்தவருள் முதன்மையானவர் ஜோன் ஹார்ட். ஒலிக்கொரு எழுத்து வேண்டுமென 1569இல் அவர் நூல் வெளியிட்டார். வழக்கை மீறலாகாதென 1582இல் வாதிட்டார் பள்ளி ஆசிரியர் றிச்சட் மல்காஸ்ரர். நாடு மல்காஸ்ரரின் வழியே சென்றது. அது நன்றே என்பது என் கருத்து. ஹார்ட் 'வைன்' என்பதன் உயிரை 'எய்' என எழுதினார். அவ்வொலி பின்னரும் நகர்ந்துவிட்டது. மேலும், 'டிவைன்', 'டிவினிட்டி' போன்ற சொற்களில் உயிரொலி வேறுபடினும் எழுத்து ஒன்றாயிருத்தலால் அவற்றின் உறவு கண்ணுக்குப் புலனாகிறது. சொம்ஸ்கியும் ஹாலேயும் 1968இல் ஆங்கில எழுத்துக்கூட்டுக்குச் சார்பாக எடுத்துக்காட்டிய பண்பு இது. ஹார்ட்டின் திட்டம் கைவிடப்பட்டதாயினும் அவரது நூல் வீணாகவில்லை. எலிசபெத்து அரசியின் காலத்து இலண்டன் மக்கள் எவ்வாறு பேசினர் என்பதை அறிய விழைவோர் இன்று முதலில் நாடுவது அந்நூலையே.