இறைக் கணக்கும் எழுத்துதவியும்

'இறை' என்னும் சொல் தமிழிற் கடவுளைக் குறிக்கும், அரசனைக் குறிக்கும், அவ்வரசனுக்குக் குடிகள் செலுத்தும் வரியையும் குறிக்கும். மூன்றையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர் மூன்றுக்கும் ஒருங்கே அஞ்சினர் போலும்! விஜயநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் அவ்வச்சம் முற்றும் நீங்கியபாடில்லை. ஜூலை பிறந்துவிட்டால் வீடுதோறும் படிவம் 16-ஐத் தேடும் படலம் தொடங்கிவிடுகின்றது. தேடாதவரோ, 'நமக்கென்ன, சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்களே' என்று வாளா இருந்துவிடுகின்றனர். இவ்வச்சமும் இவ்வலட்சியமும் எங்ஙனம் தோன்றின, இவற்றைப் போக்க எழுந்த இலவச எழுத்துதவி எவ்வாறு வளர்ந்தது என்பனவற்றை இம்மலரிற் சிறிது கூற விழைகின்றேன்.

சோழர் ஆட்சியிற் 'புரவுவரித் திணைக்களம்' என்றொரு துறை இருந்தது. வரிப்பொத்தகம், முகவெட்டி முதலிய பெயருடைய அலுவலர் பலர் அதன்கண் பணியாற்றினர். இன்ன நிலத்துக்கு இவ்வளவு இறை என ஏட்டிற் பதிந்தவர்கள் அவர்களே. உழவன் எழுத வேண்டுவது ஒன்றுமில்லை. ஊர்ப் பொறுப்பை ஏற்றவருக்கோ கணக்குக் காட்டும் கடமை மிகக் கடுமையாக இருந்தது. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை அன்பர்கள் அறிவர். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனே வாரியத்துக்குத் தகுதியுடையவன்; வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர். இன்று கணக்குத் தாக்கல் செய்யத் தவறியவருக்கு 1,000 அல்லது 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் என்கிறார்கள். மைத்துனனையும் சேர்த்துத் தண்டிக்கவில்லை என்பது ஓர் ஆறுதல்! இத்தகைய கல்வெட்டுகளைப் படியெடுத்து ஆராயும் நடுவணரசின் கல்வெட்டியல் அலுவலகம் 1966-இல் உதகையினின்றும் நம் மைசூருக்கே பெயர்ந்து வந்தது என்பதும் ஈண்டு நினைவிற்கொள்ளத் தக்கது.

பிற்காலத்திலும் தமிழ்நாட்டிற் கர்ணமும், மைசூர்ச் சீமையில் ஷானுபோகரும் நிலவரிக் கணக்கை எழுதினர். அவர் எழுத்திற் சூது இருந்ததும் உண்டு. ஆயினும் எழுதும் சுமை குடியானவன் தலையில் ஏறவில்லை.

அச்சுமை ஏறிய ஆண்டு 1860. சிப்பாய்ப் புரட்சியை அடக்கியதால் நேர்ந்த கடனை ஈடுசெய்ய, ஜேம்ஸ் வில்சன் என்னும் நிதி உறுப்பினர் வருமான வரியைக் கொணர்ந்தார். ஆண்டுக்கு 200 முதல் 500 ரூபாய் வரை ஈட்டுவோர்க்கு நூற்றுக்கு 2. அதற்கு மேல் 4. தன் வருவாயைத் தானே எழுத்தில் அறிவிக்கும் வழக்கம் அன்றுதான் இந்நாட்டில் வேரூன்றத் தொடங்கிற்று. படிப்பறிந்தோர் மிகச் சிலராயிருந்த காலம் அது! சென்னை ஆளுநராயிருந்த சர் சார்லஸ் டிரெவிலியன் இப்புது வரிகளை வெளிப்படையாகவே எதிர்த்தார். தம் மறுப்பைப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். அதன் பயனாக அவ்வாண்டே பதவியினின்றும் திரும்ப அழைக்கப்பெற்றார். வில்சனும் ஆகஸ்டு மாதமே கல்கத்தாவில் காலமானார். சில ஆண்டுகளில் அதே டிரெவிலியன் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1865-இல் அவ்வரி காலாவதியாயிற்று. எனினும் 1886-இல் நிலையான சட்டமாக அது மீண்டும் வந்து அமர்ந்தது.

மைசூர்ச் சமஸ்தானம் தனக்கெனத் தனி வருமான வரிச் சட்டத்தை 1923-இல் இயற்றிக்கொண்டது. 1950 ஏப்ரல் முதல் நாள் தொட்டு இந்தியச் சட்டமே இங்கும் செல்லலாயிற்று. நம்மவர் பலர் ரயில்வே பணிமனைக்கும், 1950-இல் தோன்றிய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்கும், பின்னர் வந்த ஆலைகளுக்கும் மாதச் சம்பளக்காரராக வந்து குடியேறினர். சம்பளத்தில் வரியைப் பிடித்து, அதைக் கணக்கில் எழுதியதும் அலுவலகமே. அதாவது, கர்ணத்தின் இடத்தில் அலுவலகக் குமாஸ்தா அமர்ந்தார். பணி ஓய்வு பெற்ற நாளன்று அக்குமாஸ்தா இல்லாமற் போகின்றார். தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது.

எழுத்தறியாதவன்மீது எழுதும் கடமையைச் சுமத்திய அரசு, எழுதித் தருவோரையும் அளிக்க வேண்டுமன்றோ? இதனை முதலிற் செயலிற் காட்டியவர் கல்லூரி மாணவர்கள். அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்தை அடுத்து, கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் கல்லூரியில் கேரி இஸ்கோவிட்ஸ் என்னும் கணக்கியல் ஆசிரியர் தம் மாணவர் சிலருடன் ஏழை மக்களுக்குக் கட்டணமின்றிப் படிவம் நிரப்பித் தரத் தொடங்கினார். நாளடைவில் அது நாடெங்கும் பரவியது. கனடாவில் 1971 முதல் வரித்துறையே தன்னார்வலர்க்குப் பயிற்சியளித்து வருகின்றது. அந்நாட்டிற் கணக்குத் தாக்கல் செய்யாத குடும்பத்துக்குக் குழந்தைகளுக்கான உதவித்தொகை நின்றுவிடும். ஆதலின் புதிதாகக் குடியேறிய தமிழருக்கு இவ்வுதவி பாலுக்கும் சோற்றுக்கும் உரிய உதவியாகும்.

நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் 139பி என்னும் பிரிவு சேர்க்கப்பெற்று, அவ்வாண்டு நவம்பரில் 'வரிக் கணக்குத் தயாரிப்போர்' திட்டம் அறிவிக்கப்பட்டது. பட்டதாரி இளைஞர்கள் பயிற்சி பெற்றனர். புதிதாகத் தாக்கல் செய்பவருக்கு எழுதித் தந்தால், அவர் கட்டிய வரியில் முதலாண்டு நூற்றுக்கு 3 வீதம், 1,000 ரூபாய்க்கு மேற்படாமல், அரசே ஊதியம் தரும். நல்ல எண்ணமே. ஆனால், வரியில் பங்கு ஊதியமென்றால் வரியே இல்லாதவரை நாடி எவர் வருவார்? உதவி மிகத் தேவைப்படுவோர் அவரல்லரோ!

எங்கள் தெருவில் மூதாட்டியார் ஒருவர் உள்ளார். கணவர் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற தொகையை ஒரு வங்கியில் வைப்புநிதியாக வைத்து, அவ்வட்டியிற் காலம் கழிக்கின்றார். அவ்வட்டியிற் பத்தில் ஒரு பங்கு மூன்றாண்டுகளாகப் பிடிக்கப்பட்டு வந்தது. அறுபது கடந்தவர் படிவம் 15எச் தந்தாற் பிடித்தமே இராது என்பதை அவருக்கு எவரும் கூறவில்லை. கணக்குத் தாக்கல் செய்தீர்களா என்று வினவினேன். "வரி கட்டுகிற அளவுக்கு எனக்கு வருமானம் ஏது தம்பி? எனக்கெதற்கு அந்தக் காகிதம்?" என்றார். அந்தக் காகிதம் இன்றி அவர் பணம் திரும்பி வாராது என்பதை விளக்க எனக்கு அரை நாள் ஆயிற்று.

டிசம்பர் 31-க்குள் இருந்தமையால் அவ்வாண்டுக் கணக்கை எழுதினோம். முந்தைய ஈராண்டுகள்தாம் சிக்கல். 2022-இல் வந்த புதுப்பித்த கணக்கு வசதியின் காலம் 2025-இல் இரண்டாண்டிலிருந்து நான்காண்டாக நீட்டப்பட்டது. எனினும், அரசுக்குக் கூடுதல் வரி கட்ட வருவோர்க்கே அவ்வாயில் திறக்கும். திரும்பப் பெற வருவோர்க்கு அன்று. அவர் தாமதத்தைப் பொறுத்தருளுமாறு தனியே விண்ணப்பிக்க வேண்டும். 2024 அக்டோபரில் வெளியான சுற்றறிக்கைப்படி ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். அங்ஙனமே விண்ணப்பித்தோம். இவ்வழிகளை அறியாது உரிய பணத்தை இழந்த முதியோர் நம் காலனியில் இன்னும் இருப்பர் என்றே எண்ணுகின்றேன். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 536 பிரிவுகளுடன் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பழகிய சொற்களும் பிரிவெண்களும் மாறும்போது முதியோர் குழப்பம் மிகும்.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஜூன் நடுவில் படிவம் 16 கைக்கு வந்தபின், ஞாயிறுதோறும் காலையில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டுத் தருக. கணக்கியல் பயின்றவர் ஒருவர், கணிப்பொறி பழகிய இளைஞர் இருவர் போதும். கடையும் வாடகையும் பங்குச் சந்தையும் உடையோர் ஆடிட்டரிடமே செல்க. ஓய்வூதியரும், கைம்பெண்டிரும், முதற் சம்பளம் வாங்கிய பிள்ளைகளும் நம்மிடம் வருக. எவருடைய கடவுச்சொல்லையும் நாம் எழுதி வைத்தலாகாது. இறுதிப் பொத்தானை அழுத்தும் விரல் உரியவருடையதாகவே இருத்தல் வேண்டும். முப்பது நாளுக்குள் கணக்கைச் சரிபார்த்து உறுதி செய்யாவிடின் உழைப்பு வீணாகும். அதனையும் அங்கேயே முடித்தனுப்ப வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்குக் காப்பி தாம் கொணர்வதாக அம்மூதாட்டியார் இப்போதே சொல்லி வைத்திருக்கின்றார்.