சீழ்க்கிருமியும் மனித உடலும்: மரபணு வெளிப்பாட்டு ஆராய்ச்சியின் வளர்ச்சியும் சென்னையின் பங்கும்

ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமியை, ஆரோக்கியமாக நடமாடும் மனிதர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் தம் மூக்கின் முன்பகுதியில் யாதொரு தொந்தரவும் இன்றித் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது பல தேசங்களிலும் நடந்த பரிசோதனைகளால் தெளிவான விஷயம். மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராயநகர்க் கடைத்தெருக்களிலும் நெருங்கிச் செல்லும் ஜனங்கள் இதற்கு விலக்காக இருக்க நியாயமில்லை. அதன் சகோதர இனமாகிய ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸோ எல்லோருடைய தோலிலும் குடியிருப்பது. இவ்வளவு சாதுவாக வாழும் இவையே வேறொரு சந்தர்ப்பத்தில் கோடைக் கட்டியாகவும், எலும்பை அரிக்கும் சீழாகவும், இரத்தத்தில் பரவி உயிரைக் கொள்ளும் நஞ்சாகவும் மாறுவது எதனால்? கிருமி இன்னதென்று அறிவதோடு இக்கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. அக்கிருமியின் மரபணுக்களுள் எவை எந்நேரத்தில் விழித்திருக்கின்றன, அதே நேரத்தில் உடலின் மரபணுக்களுள் எவை விழித்திருக்கின்றன என்பதை அறிந்தாக வேண்டும் என்னும் எண்ணம் நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பினால் மெல்ல உருவானது. அவ்வெண்ணத்தின் வரலாற்றையும், அதில் சென்னை ஆய்வுக்கூடங்கள் வகித்த இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் 1880இல் கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் நோக்கிக் கொத்துக்கொத்தாய்க் கிடந்த உருண்டைக் கிருமிகளைக் கண்டார். 1884இல் ஜெர்மானிய வைத்தியர் ரோஸன்பாக் அவற்றைப் பொன்னிறமென்றும் (ஆரியஸ்) வெண்ணிறமென்றும் (எபிடெர்மிடிஸ் முதலியவை) இரண்டாகப் பிரித்தார். பொன்னிறம் துஷ்டன், வெண்ணிறம் நிரபராதி என்னும் தீர்ப்பு அன்று முதல் வைத்திய உலகில் வேரூன்றிற்று. நம் நகரத்தில் 1899இல் அம்மைப்பால் தயாரிப்பதற்காகத் தொடங்கிப் பின்னர்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதனைகளுக்கெல்லாம் இருப்பிடமான கிண்டி கிங் நிலையம் தோன்றிய காலத்தில், கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்து அதன் இனத்தைச் சொல்வதே சாஸ்திரத்தின் எல்லையாக இருந்தது.

வெண்ணிறத்திற்கு வழங்கிய அந்த விடுதலைத் தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதைக் கண் வைத்தியமும் உணர்த்தியது எனலாம். கண்புரைச் சிகிச்சைக்குப் பின் விழியினுள் நேரும் தொற்றைப் பற்றி 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கிருமி வளர்ந்து உறுதியான நோயாளிகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தினரிடம் காணப்பட்டவை இந்த வெண்ணிற வகையைச் சார்ந்தவையே. 1978இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவின் நுண்ணுயிரியல் கூடத்தில் லில்லி தெரஸ், எச்.என். மாதவன் முதலியோர் இத்தகைய விழித்தொற்றைப் பி.சி.ஆர். முறையால் கண்டறியும் ஆய்வை 1998இல் வெளியிட்டனர். ஒரு துளி விழிநீர்மத்தில், வளர்ப்புத் தட்டில் முளைக்காத கிருமியின் டி.என்.ஏ.வையும் இம்முறையால் அறியலாம். பார்வையைக் காக்க வேண்டிய அவசரத்தில் இது பெரிய உபகாரம். எனினும் டி.என்.ஏ. கிருமி இருப்பதை அறிவிக்குமேயன்றி, அது அவ்விடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அறிவிக்காது.

மரபணு இருப்பதும் அது செயற்படுவதும் வேறுவேறு என்பதைப் பாரிஸ் நகரத்தில் ஜாக்கோப், மோனோ ஆகிய இருவரும் விளக்கியது 1961ஆம் ஆண்டில். மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் முதன்முதலாக இங்கிலாந்திலிருந்து அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டும் தொடர்பின்றி நிகழ்ந்தவை. ஆயினும் பின்னாளில் இக்கிருமியைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே ஓடிற்று.

1986இல் ஆரியஸ் கிருமியிடமுள்ள ஏ.ஜி.ஆர். என்னும் கட்டுப்பாட்டு மரபணுத் தொகுதியின் செயல் புலப்பட்டது. 1990களில் நியூயார்க்கில் ரிச்சர்ட் நோவிக்கும் அவருடைய சகாக்களும் அதன் உள்ளமைப்பைப் படிப்படியாக அவிழ்த்தனர். இக்கிருமி ஒவ்வொன்றும் ஏழு முதல் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சிறு வளையப் பொருள் ஒன்றைச் சுற்றுப்புறத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கிருமிகள் சொற்பமாக இருக்கையில் அப்பொருள் கரைந்து போய்விடும். அப்போது திசுக்களில் ஒட்டிக்கொள்வதற்கான புரதங்களே மிகுதியாக உண்டாகும். கூட்டம் பெருகி வளையப் பொருள் ஒரு செறிவை எட்டியதும், ஆர்.என்.ஏ. மூன்று எனப்படும் 514 எழுத்து நீளமுள்ள மூலக்கூறு கிளம்பி, ஒட்டும் புரதங்களை அடக்கி, நஞ்சுகளைப் பிறப்பிக்கும். தனியே நிற்பவன் வாய்திறவாமலிருந்து, பெருங்கூட்டம் சேர்ந்தபின் ஒரே குரலில் முழங்குவதை ஒத்தது இது. 2001இல் ஜப்பானியர் இக்கிருமியின் முழு மரபணுத் தொகையையும் வாசித்து வெளியிட, அதே ஆண்டில் நுண்சில்லு முறையால் ஏ.ஜி.ஆரின் ஆளுகைக்குட்பட்ட மரபணுக்களை ஒருசேர அளக்கவும் முடிந்தது.

இந்த வெளிச்சத்தில் நோக்கினால், தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பெயர் தாங்கிய அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் பத்மா கிருஷ்ணனும் அவர் குழுவினரும் செய்த பணிகளின் முக்கியத்துவம் விளங்கும். சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் கிடைத்த, மெதிசிலினுக்கு அடங்காத எஸ்.டி. 239 வகைக் கிருமியைப் பற்றி அவர்கள் 2012இல் எழுதினர். மூக்கில் பூசி இக்கிருமியை அகற்றப் பயன்படும் மியூபிரோசின் களிம்புக்கு அது மிகுந்த எதிர்ப்புக் காட்டியது. அத்தோடு, கிளிண்டாமைசின் என்னும் மருந்துக்கு அதன் எதிர்ப்பு தூண்டினால் மட்டும் எழும் இயல்புடையதாக இருந்தது.

பின்னதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மரபணு வெளிப்பாடு என்பது ஏட்டுப் படிப்பன்று, நாள்தோறும் மருந்துச் சீட்டெழுதும் வைத்தியரின் கவலை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நான் அறியேன். இக்கிருமியிடமுள்ள எர்ம் என்னும் மரபணு, புரதங்களை உண்டாக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வில் ஒரு சிறு மாற்றம் செய்து மருந்து அங்கே பற்றாதபடி தடுக்கும் நொதியைத் தருவது. சாதாரண வேளையில் அதன் தூது ஆர்.என்.ஏ. தன்மேல் தானே மடிந்து, நொதியை உண்டாக்கத் தொடங்கும் இடத்தை மறைத்துக் கிடக்கும். எரித்ரோமைசின் என்னும் மருந்து உட்புகுந்ததும், முன்னே உள்ள சிறு பகுதியை வாசித்துக்கொண்டிருந்த ரைபோசோம் நடுவழியில் தடைப்பட்டு நிற்க, மடிப்புக் கலைந்து மறைந்த இடம் வெளிப்படுகிறது. கிளிண்டாமைசின் அவ்வாறு தூண்டுவதில்லை. ஆதலால் அதைத் தனியாக வைத்துச் சோதித்தால் கிருமி பணிந்துவிட்டதாகவே தோன்றும். அதை நம்பிச் சிகிச்சை தொடங்கினால், தூண்டுதல் இன்றியே நொதியை உற்பத்தி செய்யும் பிறழ்வுகள் தலையெடுத்துச் சிகிச்சை வீணாகலாம். இரு மருந்து வில்லைகளையும் 15 முதல் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் அருகருகே வைத்து, கிளிண்டாமைசினைச் சுற்றிய வெறும் வட்டம் ஒரு பக்கம் தட்டையாகி ஆங்கில ‘டி’ எழுத்துப்போல் ஆகிறதா என்று பார்க்கும் டி-சோதனை, சொற்பச் செலவில் மரபணு வெளிப்பாட்டைக் கண்ணால் காட்டும் அரிய உபாயம்.

அக்குழுவினர் சமூகத்தில் வாழ்வோரின் மூக்கிலிருந்து எடுத்த, மெதிசிலினுக்கு அடங்காத வெண்ணிற வகைகளை 2015இல் விவரித்தனர்; 2018இல் ஆஸ்பத்திரியிலும் சமூகத்திலும் கிடைத்த எபிடெர்மிடிஸ் கிருமிகளில் ஐ.எஸ். 256 என்னும் தாவும் டி.என்.ஏ.த் துண்டையும் உயிர்ப்படலம் கட்டும் திறனையும் ஒப்பிட்டனர். இத்துண்டு, படலத்துக்கு வேண்டிய சர்க்கரைப் பசையை உண்டாக்கும் மரபணுவினுள் புகுந்தால் பசை நின்றுபோகும். பிறகு அது பிசகின்றி வெளியேறினால் பசை மீண்டும் உண்டாகும் என்பதை ஜெர்மனியில் வில்மா சீபூரும் சகாக்களும் 1999இல் மெய்ப்பித்திருந்தனர். செயற்கை மூட்டிலும் இரத்தக்குழாய்க் குழல்களிலும் ஒட்டி வாழ்ந்து, வேண்டும்போது பிரிந்து செல்ல இது வழிவகுக்கிறது. ஆஸ்பத்திரிக் கிருமியை மட்டும் பார்த்திருந்தால் நோயின் வரலாற்றில் பாதியே தெரிந்திருக்கும். நகரவாசிகளின் மூக்கையும் சேர்த்துப் பார்த்ததே இவ்வாராய்ச்சியின் சிறப்பு என்பது என் துணிபு. ஆனால் துண்டு இருப்பதைக் கண்டது ஓர் அடையாளத்தைக் கண்டதே; உடலினுள் அந்த மரபணு எப்போது செயற்படுகிறது என்று அளப்பது இதற்கு அடுத்த படி.

உடல் இவ்வளவு நேரமும் வாளாவிருப்பதில்லை. நம் இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் அபோலிபோபுரதம் பி என்னும் பொருள், கிருமிகளின் வளையப் பொருளைப் பிடித்துக் கட்டி அவற்றின் கூட்டுக்குரலை அடக்கிவிடுகிறது என்பது 2008இல் வெளியாயிற்று. மறுபுறம், உடல் இரும்பை ஒளித்து வைக்கும்போது கிருமி அதை உணர்ந்து ஹீமோகுளோபினைக் கவரும் புரதங்களுக்கான மரபணுக்களை எழுப்புகிறது. அதிலும் எலியினுடையதைக் காட்டிலும் மனித ஹீமோகுளோபினையே விரும்பிப் பற்றுகிறது. எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிச் சொல்வதில் எவ்வளவு நிதானம் வேண்டும் என்பதற்கு இது சாட்சி. உடலின் தற்காப்பை இன்னும் எளிய உயிரில் அறியக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பாலமுருகன் குழுவினர், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டிடிஸ் புழுவுக்கு ஸ்டாபிலோகாக்கஸையும் புரோட்டியஸ் என்னும் வேறொரு கிருமியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தந்து ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். இப்புழுவுக்கு வெள்ளணுக்கள் இல்லை. ஆயினும் மிகப் பழமையான தற்காப்பு மரபணுக்கள் எவ்வரிசையில் எழுகின்றன என்பதை அறிய அது தக்க கருவி. புற்றுநோய் மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைந்த நோயாளியிடம் சாதுவான தோற்கிருமியும் கொடியதாவதை எண்ணும்போது, நோய் என்பதை இரு தரப்பின் வெளிப்பாடுகளும் சந்திக்கும் இடத்திலேயே தேட வேண்டும் என்பது புலனாகும்.

மருந்தும் இச்சந்திப்பில் மூன்றாம் தரப்பாக நுழைகிறது. பென்சிலின் இனத்து மருந்துகள் கிருமியைக் கொல்லப் போதாத அளவில் சேர்ந்தால் நஞ்சு மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கூட்டக்கூடும் என்றும், கிளிண்டாமைசின் அதைக் குறைக்கும் என்றும் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. 2012 ஆகஸ்ட் 24ஆம் தேதி இந்நகரத்தில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்த சென்னைப் பிரகடனம், சீட்டின்றி மருந்து விற்பதைக் கட்டுப்படுத்தும்படி கேட்டபோது, எதிர்ப்பாற்றல் பரவுவதையே பெரிதும் மனத்திற் கொண்டிருந்தது. கடையில் நான்கு மாத்திரை வாங்கி விழுங்கி நிறுத்துகிறவரின் உடலில் கிருமியின் நடத்தையும் மாறக்கூடும் என்னும் காரணத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்வது தகும்.

கிருமியின் ஆர்.என்.ஏ.வையும் உடலின் ஆர்.என்.ஏ.வையும் ஒரே திசுத் துணுக்கிலிருந்து ஒருங்கே வாசிக்கும் இரட்டை வாசிப்பு முறையை ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் அறிஞர்கள் 2012இல் முன்மொழிந்தனர். அத்துணுக்கில் கிருமியின் பங்கு மிகச் சொற்பமாதலால் அதைப் பிரித்தறிவது கடினம். அதைக் காட்டிலும் கடினமானது காலம். வேகமாக வளரும் ஸ்டாபிலோகாக்கஸில் பெரும்பாலான தூது ஆர்.என்.ஏ.க்களின் அரை ஆயுள் 5 நிமிஷத்துக்கும் குறைவு. சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி ஓரிரவு தட்டில் வளர்த்தால், வளர்ந்து நிற்பது தட்டின் சௌகரியத்துக்கு ஏற்பத் தன் மரபணுக்களை மாற்றிக்கொண்ட கிருமியே. ஆகவே வளர்ப்புக்காக எடுக்கும் மாதிரியோடு, ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காக்கும் திரவத்தில் இன்னொரு சிறு துணுக்கையும் நோயாளியின் சம்மதத்துடன் கட்டிலருகிலேயே இட்டு வைக்கும் வழக்கம் நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்பட வேண்டும். அடையாற்றுப் பிரதேசத்தில் ஆஸ்பத்திரிகளும் தரமணி ஆய்வுக்கூடமும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருக்கின்றன. சத்திரசிகிச்சை அறையின் செவிலியருக்குச் சிறு பயிற்சியும், குளிரூட்டிய பெட்டியொன்றும், இரு ஸ்தாபனங்களுக்கிடையே ஓர் உடன்படிக்கையும் இருந்தால் இவ்வேலையைத் தொடங்கிவிடலாம்.